தீர்த்தம் பட்ட தாமசோ

சால்தோகான் பேட்டை,
சோச்சிமில்கோ.
ஜனவரி, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம்.

அன்பும் பொறுமையும் நிறைந்த என் ஒத்திலியாவுக்கு,

உன் கணவன் சிப்ரியானோ எழுதுவது. இங்கே நான் சுகம். முட்டி சுகமில்லை, ஆனால் நாங்கள் இருவரும் பழகிவிட்டோம். நீயும் மகள் நொயெமியும் மாப்பிள்ளையும் இரட்டைக் குழந்தைகளும் மோந்தெரெயில் நன்றாக இருக்கும்படி சால்தோகான் மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இதை யார் எழுதிக் கொடுத்தது என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. பக்கத்து வீட்டுப் பிரிஸ்காவின் கையெழுத்து இதைவிட அழகு. பாதிரியாரின் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. இது என் கை. சிரிக்கிறாயா? சிரி. முதல் பக்கத்தை முடித்துவிட்டு நானும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒரு வரி எழுதும் நேரத்தில் ஒரு பாத்தி கீரை நட்டுவிடலாம். வரிகள் ஓரத்தில் சரிந்து விழுகின்றன, பொறுத்துக்கொள்.

ஏன் இந்த வயதில் என்று கேட்பாய். இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நீ மோந்தெரெய்க்குப் போன பிறகு உன் செய்தி என் கைப்பேசியில் வந்தால் அதைப் பிரிஸ்காதான் வாசித்துச் சொல்வாள். நம் மகளுக்கு ஞானத்தாயாக நின்று, அந்த உறவில் என்னைக் கொம்பாத்ரே என்று அழைப்பவளைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அவள் குரல் உனக்குத் தெரியும். கடையில் சோள அடையைத் திருப்பிப் போட்டபடியே, தெருமுனைவரை கேட்கும்படி, “கொம்பாத்ரே! ‘முட்டிக்கு மட்டும் இல்ல, இடுப்புக்கும் தைலம் தடவு கிழவா, உள்சட்டை போட்டுக்கிட்டுப் படு’ன்னு உங்க வீட்டம்மா சொல்லுது!” என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். மறுநாள் படகுத்துறையில் ஒருவன், “என்ன தாத்தா, உள்சட்டை போட்டாச்சா?” என்று கேட்டான். அந்த வாரமே கோயில் கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிடுவேன் என்று பயம்.

விடவில்லை, ஒத்திலியா. இப்போது எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பேருந்தின் நெற்றி, மாவு மூட்டை, மருந்துக்கடைப் பலகை, சுவரில் ஒட்டிய பழைய தேர்தல் பொய் எல்லாம். நம் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

இனி உண்மையான செய்திக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

டிசம்பரில் கோயில் கூரைக்காகக் குலுக்கல் நடந்தது. முதல் பரிசு மிக்ஸி. அது பிரிஸ்காவுக்குப் போயிற்று. இரண்டாம் பரிசு கம்பளி. மூன்றாம் பரிசு எனக்கு. குவெமான்கோ பண்ணைக்காரர்கள் கொடுத்தது. ஒரு வாளி. வாளிக்குள் ஓர் அஹொலோத்தே. உயிரோடு!

உன் அம்மா இதைச் சோளத் தோலில் சுற்றி, மிளகாய் வைத்துக் கல்லில் வாட்டுவாள். நீ இதைப் படிக்கும்போதே உனக்கு நாக்கில் எச்சில் ஊறும். வேண்டாம். இவனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இவன் வந்த தேதிக்கு நேரே எந்தப் புனிதரின் பெயர் என்று சமையலறை நாட்காட்டியில் நானே தேடி வாசித்தேன். தாமசோ. பிரிஸ்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மிக்ஸியும் இதுவும் ஒரே வீட்டுக்கு வந்திருந்தா இருமலுக்குச் சாறு போட்டிருக்கலாம், போச்சே!” என்றாள். தாமசோ அவளைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு வாய் அமைப்பே அப்படி, யாரைப் பார்த்தாலும் சிரிப்பான்.

மாப்பிள்ளை வடக்கத்திக்காரர், பார்த்திருக்க மாட்டார், அவருக்குச் சொல்: என் முழங்கை நீளம்கூட இல்லை. பல்லி போல நாலு கால், மீன் போல வால், தலையின் இரண்டு பக்கமும் மும்மூன்று இறகுகள். அதுதான் மூச்சு. பொம்மைக் கடையில் விற்கிறார்களே, அந்த ரோஜா நிறம் இவன் இல்லை. நம் கால்வாய்ச் சேற்றின் நிறம், மேலே யாரோ பொன்தூள் ஊதிவிட்டது போல. இமை கிடையாது. ஆகவே தூங்குகிறானா, என்னை முறைக்கிறானா என்று சொல்ல முடியாது. உன்னோடு இத்தனை வருடம் வாழ்ந்த எனக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை.

மண்புழுவை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டினால், அசையாமல் பார்ப்பான், பார்ப்பான், பிறகு ஒரே உறிஞ்சு! புழு போயிருக்கும், விரல் இருக்கும். முதல் தடவை நான் கத்திய கத்தில் பிரிஸ்காவின் நாய் குரைத்தது. இப்போது என் தொப்பியின் நிழல் விழுந்தாலே ஓரத்துக்கு வந்துவிடுகிறான். வேறு தொப்பி போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்பாய். கேட்காமல் இருந்தால் நல்லது. கேட்டுவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். உன் துவைக்கும் தொட்டியில்.

கத்தாதே, குழந்தைகள் எழுந்துவிடும். வீட்டிலேயே நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடம் அதுதான். சோப்பு வாடை போகும்வரை வெறும் தண்ணீரில் எத்தனை முறை தேய்த்துக் கழுவினேன் என்று பிரிஸ்காவைக் கேள். அவனோடு ஒரு காகிதம் வந்தது. பண்ணையில் பிறந்தவன், கால்வாயில் பிடித்தது அல்ல என்று முத்திரை போட்டு, கீழே எப்படி வளர்ப்பது என்று எழுதியிருந்தது. வெயில் ஆகாது. வெந்நீர் ஆகாது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, திறந்து வைத்து ஒரு நாள் கழித்துத்தான் ஊற்ற வேண்டும். கையால் தூக்கக் கூடாது. வகுப்புக்கு வெளியே நான் முழுதாக வாசித்த முதல் காகிதம் அதுதான். விரலை வைத்து வைத்து, மத்தியானம் தொடங்கி விளக்குப் போடும் நேரத்தில் முடித்தேன். அதன்படியே செய்கிறேன். என் துணிகளைக் கொல்லையில் ஒரு வாளியில் துவைத்துக்கொள்கிறேன். “கொம்பாத்ரே, உங்க சட்டை வெள்ளையா, பழுப்பா? பந்தயம் கட்டியிருக்கோம்” என்று கேட்கிறாள் பிரிஸ்கா.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். நொயெமி பேசியது எனக்கு விளங்கியது. “அப்பா, அம்மா இனிமே இங்கயே இருக்கட்டும். நீங்களும் வந்துருங்க. அந்த ஈரத்துல ஒத்தையா என்ன பண்றீங்க? வீட்டைக் குடுத்துடலாம்” என்றாள். யோசிக்கிறேன் என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழந்தை அழுதது, மாப்பிள்ளை எதையோ தேடினார், தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடியது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே நீ பக்கத்தில் இருந்தாய் என்று தெரிந்தது, உன் செருமல் கேட்டது. உன் மனசு எந்தப் பக்கம் என்பதுதான் கேட்கவில்லை. நான் இந்தக் கடிதம் எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான். தாமசோ குறுக்கே வந்துவிட்டான்.

கை வலிக்கிறது. வெள்ளிக்கிழமை வனத்து அந்தோணியார் திருநாள். பிராணிகளை எல்லாம் மந்திரிக்கக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். தாமசோவையும் கொண்டுபோகிறேன். வாளிக்கு நீல ரிப்பன் வாங்கியாயிற்று. அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதி முடிக்கிறேன்.

*

ஞாயிறு.

ஒத்திலியா, ஒரு தப்பு நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. கோயில் முற்றம் நிறைய ஆட்களும் பிராணிகளும். சட்டை போட்ட நாய்கள், தலையில் காகிதப்பூக் கிரீடம் வைத்த கழுதை, வான்கோழி, ஒரு ஆமை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா தன் குட்டி நாயைத் தூக்கி என் வாளியைக் காட்டி, “பாரு செல்லம், இந்தத் தாத்தா சூப்பைக் கொண்டாந்திருக்காரு” என்றாள். நான் காதில் வாங்கவில்லை. அஹொலோத்தேயைக் கொண்டுவந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நம் கல்யாணத்தன்று நடந்ததைப் போல நடந்தேன்.

என் முறை வந்தது. அன்செல்மோ பாதிரியார் பூங்கொத்தைத் தீர்த்தத்தில் நனைத்தவர், வாளியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்ன சிப்ரியானோ, இவன் ஏற்கெனவே முங்கித்தானே கெடக்கான்! நான் எங்க தெளிக்க?”

“மேலதான் சாமி. உள்ள இருக்கறது வெறும் தண்ணி. உங்களுது மந்திரிச்ச தண்ணி.”

“நாலு சொட்டு போதுமா?”

“கழுதைக்கு மட்டும் அவ்வளவு ஊத்துனீங்க! இவன் என்ன இளப்பமா?”

முற்றமே சிரித்தது. “ஊத்துங்க சாமி, முழுசா ஊத்துங்க!” என்று கூட்டம் கத்தியது. அவரும் உற்சாகமாகிவிட்டார். சொம்பை எடுத்து முழுவதையும் ஊற்றினார். கேட்டது போதாதென்று இன்னொரு சொம்பு. கை தட்டினார்கள். வாளி தளும்பத் தளும்ப வீட்டுக்கு வந்தேன். மந்திரித்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மாலைவரை அவனை அதிலேயே விட்டுவைத்தேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

சாயங்காலம் புழு நீட்டினேன், திரும்பவில்லை. இறகுகள் வெளுத்து முன்பக்கமாக மடங்கியிருந்தன. வால் நுனி கொக்கி போலச் சுருண்டிருந்தது. தொட்டிக்கு மாற்றினேன். மறுநாள் இறகில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பிரிஸ்கா பார்த்துவிட்டு, “சளிதான். நெஞ்சுல தைலம் தடவுங்க” என்றாள். நெஞ்சு எது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை, தாமசோவின் நல்ல காலம்.

வாளியைப் படகில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, குவெமான்கோவுக்குத் துடுப்புப் போட்டேன். முட்டி வலித்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. பண்ணையில் யாரெட்சி என்று ஒரு பெண், பிராணி மருத்துவர், நம் நொயெமியைவிட இளையவள். அவனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“தாத்தா, என்ன தண்ணி ஊத்துனீங்க?”

“நல்ல தண்ணி.”

“எங்கேர்ந்து?”

“கோயில்லேர்ந்து. தீர்த்தம்.”

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. “கோயிலுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது, தாத்தா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் கோயில்பிள்ளை கண்ணுக்கு முன் வந்தான். காலையில் அண்டாவுக்குள் பச்சைக் குழாயை விட்டுவிட்டு, ஓரமாக நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தானே! நானே பார்த்தேனே! குழாய்த் தண்ணீர் ஆகாது என்று விரல் வைத்து வாசித்தவன் நான். ஆனால் தீர்த்தம் குழாய்த் தண்ணீர் என்று எவனுக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை, ஒத்திலியா. உனக்குத் தோன்றியிருக்குமா? குழாயில் போடும் மருந்து இவன் இறகைச் சுட்டுவிடுமாம். பாதிரியார் மந்திரிக்கும்போது ஒரு கை உப்பு வேறு போடுகிறார்.

யாரெட்சி பூஞ்சைக்கு மருந்துக் குளியல் கொடுத்தாள். பிறகு, குளிர்ச்சியான சுத்தத் தண்ணீரில், இருட்டில், அசையாமல் கிடக்க வேண்டும், குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம், நாள்தோறும் தண்ணீரை மாற்ற வேண்டும் என்றாள். பண்ணையிலேயே விட்டுப்போகச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்தாள். “சரி, வீட்டுக்கே கொண்டுபோங்க. நான் வந்து பாக்கறேன்” என்றாள்.

நம் குளிர்பெட்டி இலையுதிர் காலத்திலேயே நின்றுவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. நொயெமி காதில் விழுந்தால், பாருங்கள், அந்த வீட்டில் குளிர்பெட்டிகூட ஓடவில்லை என்பாள் அல்லவா? ஆகவே மூடி போட்ட டப்பாவோடு பிரிஸ்காவின் வாசலில் போய் நின்றேன்.

“என் குளிர்பெட்டியிலயா? கொம்பாத்ரே, நான் அடை விக்கறவ! உயிருள்ளதை உள்ள வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா ஒரு ஜனம் வருமா?” என்றாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவன் பேசாமல் சிரித்துக்கொண்டு கிடந்தான். “ஐயோ, மூஞ்சியப் பாரு... குடுங்க இப்படி. முட்டைக்குப் பக்கத்துல வேண்டாம், இதைப் பாத்து அதுங்க பயந்துக்கும்” என்று பாலாடைக்கட்டியை நகர்த்தி இடம் செய்தாள். மூடி மேல் ஒரு புனிதர் படத்தை ஒட்டினாள், யாரும் மறந்துபோய் வறுத்துவிடாமல் இருக்க.

இன்று பூசை முடிந்ததும் பாதிரியாருக்குச் செய்தி போயிற்று. அவர் அங்கியோடு ஓடி வந்தார். குளிர்பெட்டியைத் திறந்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “மன்னிச்சிடுப்பா” என்றார். என்னிடமா, அவனிடமா தெரியவில்லை. பிறகு ஜெபம் ஆரம்பித்தார். பிரிஸ்கா கொஞ்ச நேரம் பொறுத்தாள். “சாமி, சுருக்கமா முடிங்க, குளிரெல்லாம் போவுது” என்றாள். அவர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். “கையால மட்டும்! தண்ணி வேண்டாம்!” என்று அவள் போட்ட கூச்சலில் அவர் கை பாதியில் நின்றது.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அவன் இன்னும் சாப்பிடவில்லை.

ஒன்று சொல்கிறேன். படகில் திரும்பி வரும்போது நான் எனக்குள் பேசிக்கொண்டேன். இவன் போய்விட்டால், இந்த வீட்டில் எனக்கென்று காத்திருக்க எதுவும் இல்லை, பூட்டிவிட்டு மோந்தெரெய்க்குப் பேருந்து ஏறிவிடுவேன். அங்கே உன் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, பந்தாட்டம் பார்த்துக்கொண்டு, நாலாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன். இவன் பிழைத்தால் இருப்பேன். இவன் கோடையில் அந்த ஊரில் ஒரு நாள் தாங்க மாட்டான். இப்படி ஒரு பிராணியின் தலையில் நம் இருவர் விஷயத்தைக் கட்டலாமா என்று நீ கேட்பாய். கட்டிவிட்டேன். அதனால்தான் பிரிஸ்காவின் குளிர்பெட்டியை இத்தனை முறை திறந்து பார்க்கிறேன். அவள் பூட்டுப் போடப் போவதாக மிரட்டுகிறாள்.

*

வியாழன்.

சாப்பிட்டான்! ஒத்திலியா, சாப்பிட்டான்!

முதலில் இதை எழுதிவிட்டுத்தான் காப்பி குடித்தேன். காலையில் தண்ணீர் மாற்றும்போது, சும்மா, நம்பிக்கை இல்லாமல், ஒரு சின்னப் புழுவை நீட்டினேன். பார்த்தான். நானும் பார்த்தேன். பிரிஸ்கா மாவுக் கையோடு வந்து நின்று பார்த்தாள். அடை வாங்க வந்தவர்களும் உள்ளே நுழைந்து பார்த்தார்கள். ஒரே உறிஞ்சு! அடைக்கடை முழுக்கக் கூவியது. ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்தார், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பிரிஸ்கா அழுதுவிட்டு, வெங்காயம் என்று சொன்னாள். பக்கத்தில் வெங்காயமே இல்லை. இன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஓர் அடை கூடுதலாகக் கொடுத்தாள். அவள்!

இறகுகள் மறுபடி சிவக்கின்றன. ஓர் இறகின் நுனி தேய்ந்துவிட்டது, அது மெல்ல வளர்ந்துவிடும் என்றாள் யாரெட்சி. ஆம், அவள் நேற்றும் வந்தாள், இன்றும் வந்தாள். தொட்டித் தண்ணீரைச் சோதித்துவிட்டு, இனிமேல் அங்கேயே விடலாம் என்றாள். விட்டேன். அடியில் போய்ப் படுத்தான். என் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றேன். வந்தான்.

இன்று மத்தியானம் அவளைப் படகில் ஏற்றி கால்வாய்களுக்கு நடுவே இருக்கும் நம் சினாம்பா நிலத்துக்குக் கூட்டிப் போனேன், கீரை கொஞ்சம் பறித்துக் கொடுக்கலாம் என்றுதான். நிலத்தின் ஓரமாக அந்தக் குறுகிய வாய்க்கால் இருக்கிறதே, நீ சோற்றுப் பாத்திரத்தைத் தவறவிட்ட இடம், அதைப் பார்த்ததும் அவள் படகை நிறுத்தச் சொன்னாள். துடுப்பை விட்டு ஆழம் பார்த்தாள். பிறகு சின்னப் பெண் போலப் படகிலேயே எழுந்து நின்றாள், கவிழ இருந்தோம்.

“தாத்தா, இது ரெண்டு பக்கமும் அடைச்சுடலாம். கல்லும் வலையும் போட்டுத் தண்ணிய வடிகட்டி விட்டா, கெண்டை உள்ள வராது, முட்டையத் தின்னாது. தாமசோ நல்லாத் தேறட்டும். எல்லாம் சோதிச்சுப் பாத்துட்டு, பொருத்தமா ஒரு பொண்ணையும் விடுவோம். இந்த வாய்க்கால்ல திரும்பவும் குஞ்சு பொரிக்கும், தெரியுமா!”

நம் வாய்க்காலில்! நான் பையனாக இருந்தபோது சேற்றில் கை விட்டால் கையில் வந்து நெளியும். இப்போது யாரும் பார்ப்பதில்லை. முட்டை வைத்தால் ஒவ்வொரு குஞ்சுக்கும் பெயர் தேட நாட்காட்டி போதாதே என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அவள் ஒன்று கேட்டாள். இதைத் தொடங்கினால் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பாதியில் போட்டுவிட்டுப் போக முடியாது, இங்கேயே இருப்பீர்களா என்று. மழைக்கு முன்னால் அடைக்க வேண்டுமாம், ஆகவே சீக்கிரம் சொல்லச் சொன்னாள்.

“என் வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“இப்பவே போன் போட்டுக் கேளுங்களேன்” என்றாள்.

“போன்ல கேட்டா அந்த வீடே பதில் சொல்லும். எனக்கு அவ சொல்றது வேணும்” என்றேன். அவள் கீரைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், நான் படகைத் துறைக்குத் திருப்பினேன்.

ஆகவே கேட்கிறேன், ஒத்திலியா. தாமசோ பிழைத்துவிட்டான். அவன் தலையில் கட்டியதை அவிழ்த்துவிட்டேன். பிராணி பிழைத்ததால் நீ திரும்பி வர வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. குழந்தைகளின் தலை வாசனை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். நொயெமி நல்ல மகள். அவள் கேட்டது எதுவும் தப்பில்லை. நீ அங்கேயே இருக்க ஆசைப்பட்டால் அப்படியே எழுது. தாமசோவைப் பண்ணையில் விட்டுவிடுகிறேன், யாரெட்சி என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வாள். நான் வந்துவிடுகிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். பாதி வழிவரை வைத்துக்கொள்வேன், இறங்கும்போது சரியாகிவிடும்.

இங்கே வர ஆசைப்பட்டால், காரணம் எதுவும் எழுதாதே. கிழமையை மட்டும் எழுது. வடக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று இப்போது நானே பலகையைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன். தொட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. வாய்க்கால் தயாராகும்வரை அவனுக்கென்று கொல்லையில் நிழல் பார்த்து ஒரு தனித் தொட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். கல் அடுக்கும்போது முட்டி முனகியது. இடுப்புக்கும் தைலம் தடவினேன்.

எதுவானாலும் உன் கையால் எழுது. நொயெமியிடம் காட்டிவிட்டு எழுத வேண்டாம். இத்தனை நாள் நீ எனக்கு எதை எழுதினாலும் நடுவில் ஒரு வாய் இருந்தது, அந்த வாய்க்குத் தகுந்ததைத்தானே நீ எழுத முடிந்தது. பயத்தையோ கோபத்தையோ வேறு எதையோ நீ அதில் வைக்க முடிந்திருக்காது. இனிமேல் வைக்கலாம். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. கதவைச் சாத்திக்கொண்டு, விரலை வைத்து, மெதுவாக வாசிப்பேன். நீ எழுதும் வரிக்கும் என் கண்ணுக்கும் நடுவே யாரும் இருக்க மாட்டார்கள்.

மாதா உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கட்டும். குழந்தைகளின் நெற்றியில் என் பெயரைச் சொல்லிச் சிலுவை போடு. குளிரில் தலையை மூடிக்கொள், ஒத்திலியா.

இதைத் தன் கையாலேயே எழுதி முடித்த
உன் சிப்ரியானோ